மூத்த பிள்ளையின் முறையீடு

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தது என்னும் செய்தி பரவிய அளவிலே, உற்றாரும் ஊராரும் வினவும் வினாக்கள் இரண்டேயாம். தாய் நலமா என்பது ஒன்று. பிள்ளை ஆணா, பெண்ணா என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் விடை கிடைத்த பின்னர் இனிப்பு வழங்கப்பெறும், தொட்டில் கட்டப்பெறும், பெயர் ஆராயப்பெறும். ஆயினும், அவ்வீட்டில் ஏற்கெனவே மூன்று அல்லது நான்கு வயதுள்ள பிள்ளையொன்று இருக்குமாயின், அதன் நலத்தை வினவுவார் மிக அரியர். அப்பிள்ளை கதவோரத்தில் நின்று, வருவார் போவார் முகங்களையெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு வழக்காடத் தெரியாது. மனு எழுதவும் தெரியாது. ஆதலின் அதன் பொருட்டு ஒரு முறையீட்டினை இவ்விதழின் வாயிலாக அன்பர்கள்முன் வைக்கத் துணிந்தோம்.

கல்லூரி மாணவர்க்கும் தொட்டிலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நகைத்தல் கூடும். நம்முள் ஒற்றைப் பிள்ளையாய் வளர்ந்தோர் நீங்கலாக ஏனையோரெல்லாம் ஒரு காலத்தில் அத்தொட்டிலில் கிடந்தவரோ, அத்தொட்டிலருகே நின்றவரோ ஆவோம். இன்னும் சில ஆண்டுகளில் நம்முட் பலர் அத்தொட்டிலைக் கட்டுவோராகவும் ஆவோம். இதழ் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுள்ளும் பழைய மாணவர்களுள்ளும் இன்றே அந்நிலையில் உள்ளோர் பலர் இருப்பர். ஆகவே இஃது அயலார் செய்தியன்று; நம் வீட்டுச் செய்தியே.

முதற்கண் நம் மொழியை நோக்குவோம். ஆங்கிலத்தில் உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல், அவன் மூத்தவனா இளையவனா என்பதைத் தன்னளவில் உணர்த்துவதில்லை. தமிழிலோ அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என நான்கு பெயர்கள் தனித்தனியே நிற்கின்றன. பழந்தமிழர் இதனினும் நுட்பமாகச் சென்று, என் தம்பியை எம்பி என்றும், நின் தம்பியை உம்பி என்றும், பிறன் தம்பியைத் தம்பி என்றும் வழங்கினர். எங்கை, நுங்கை, தங்கை என்பனவும் அவ்வாறு அமைந்தனவே. இவற்றால் அறியலாவது யாது? மூத்தோன் என்பவன் தனியே மூத்தோன் ஆவதில்லை. இளையது ஒன்று பிறந்தாலன்றி எவனும் அண்ணன் ஆதல் இயலாது. எனவே ஒரு பிள்ளை பிறக்கும் நாழிகையில் அவ்வீட்டில் இருவர் பிறக்கின்றனர் என்னலாம். தம்பி ஒருவன் பிறக்கின்றான். அவனுக்கு அக்காள் ஒருத்தியும் பிறக்கின்றாள். நேற்றுவரை பாப்பா என்று அழைக்கப்பட்டவள், விடிந்ததும் அக்காள் என்று அழைக்கப்படுகின்றாள். பெயர் மாறிற்று, ஆனால் வயது ஒரு நாளே கூடிற்று. இந்த இரண்டாவது பிறப்பை நாம் கொண்டாடுவதுமில்லை, கவனிப்பதுமில்லை என்பதே நம் முறையீட்டின் உள்ளீடாகும்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள், குழந்தை வளரும் வளர்ச்சியை மூன்றாந் திங்கள் தொடங்கிப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொதுவாவன. தலையசைத்தல், கைகொட்டல், தளர்நடையிட்டு வருதல் ஆகிய ஒவ்வொன்றையும் உற்றுநோக்கி ஒரு பருவமாக்கிய அவர்தம் கண்ணின் கூர்மை வியக்கத்தக்கது. எனினும், தன் மடியிடத்தைப் பிறிதொரு குழந்தைக்கு விட்டுக்கொடுக்கும் பருவம் என ஒன்றை எவரும் வகுத்தாரில்லை. பாட்டுடைத் தலைவன் எப்போதும் தொட்டிலிலேயே கிடக்கின்றான். அத்தொட்டிலை ஆட்டும் சிறு கைக்குப் பாட்டில்லை. இலக்கியத்தில் இல்லாத அப்பருவம் நம் வீடுகளில் நாள்தோறும் நிகழ்கின்றது.

இனி, அவ்வீட்டில் உண்மையில் நடப்பது யாதெனக் காண்போம். பிறந்து மூன்று திங்கள்வரை குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் உறங்கும் என்பர். இதனைக் கேட்போர், தாய்க்கு ஓய்வு மிகுதி என எண்ணுவர். ஆயின் அவ்வுறக்கம் தொடர்ந்த உறக்கமன்று. துண்டு துண்டாகச் சிதறியது. இரவு பகல் அறியாதது. ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் கொடுத்தல் வேண்டும். ஒரு முறைக்கு அரைமணி நேரம் எனக் கொண்டு பத்து முறைக்குக் கணக்கிட்டாலும், ஐந்து மணி நேரம் பாலூட்டுதற்கே சென்றுவிடும். ஆறு திங்கள்வரை தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டா என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகின்றது. ஆதலின் இவ்வேலையைத் தாய் பிறர்க்குப் பங்கிட்டுக் கொடுத்தலும் அரிது. அவள் உடலோ மகப்பேற்றால் தளர்ந்திருக்கின்றது. அறுவை செய்யப்பட்டிருந்தால் எடை தூக்கலும் ஆகாது. மூத்த பிள்ளை ஓடிவந்து 'என்னைத் தூக்கு' என்னும்போது அவள் 'இப்போது முடியாது' என்கின்றாள். அவள் கூறுவது முழு உண்மை. ஆனால் பிள்ளையின் செவியில் அது வேறொரு பொருளோடு விழுகின்றது. ஒருத்தியைத் தூக்க முடியும், மற்றொருத்தியைத் தூக்க முடியாது என்பதே அது கண்ட காட்சி. இங்குக் குற்றவாளி எவருமிலர். இதனாலேயே இவ்வழக்குக் கடினமாகின்றது.

பிள்ளை தன் துன்பத்தைச் சொற்களாற் கூறாது; செயல்களாற் கூறும். படுக்கையை நனைக்கும் வழக்கம் நீங்கிய பிள்ளை மீண்டும் நனைக்கும். தானே உண்ணக் கற்றது, ஊட்டினாலன்றி உண்ணேன் என்னும். நன்றாய்ப் பேசியது மழலை பேசும். அயல் வீடொன்றில் நாம் கண்ட நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், தாயின் பழம்புடைவையாற் கட்டிய தூளியில் குழந்தை இல்லாத நேரம் பார்த்துத் தானே ஏறிப் படுத்துக்கொண்டு, தன்னை ஆட்டுமாறு அனைவரையும் ஏவினான். வந்திருந்தோர் நகைத்தனர், பாட்டியார் 'தூளி அறுந்துவிடும், இறங்கடா' என்று அதட்டினார். அச்சிறுவன் கேட்டது ஆட்டமன்று. 'எனக்கும் இங்கு இன்னும் இடம் உண்டா?' என்பதே அவன் கேட்ட கேள்வி. அக்கேள்விக்கு அன்று அவன் பெற்ற விடை இறங்கு என்பதாயிற்று.

பொறாமை என்னும் சொல்லை இவ்விடத்தே எளிதாய் எடுத்து வீசிவிடுகின்றோம். அது புதியதுமன்று, ஒரு நாட்டார்க்கே உரியதுமன்று. வட ஆப்பிரிக்காவிற் பிறந்து 354 முதல் 430 வரை வாழ்ந்த அகஸ்தீன் என்னும் பேரறிஞர், இன்னும் பேச்சு வாராத குழவி ஒன்று, தன்னோடு பால் உண்ணும் மற்றொரு குழவியை முகம் வெளிறி வெகுண்டு நோக்கியதைத் தாம் கண்டதாகத் தம் நூலிற் குறித்துள்ளார். வியன்னா நகரத்து மருத்துவராகிய ஆல்பிரட் அட்லர் (1870–1937) மூத்த பிள்ளையை அரியணையினின்று இறக்கப்பட்ட அரசனுக்கு ஒப்பிட்டார். தாமே தம் பெற்றோர்க்கு இரண்டாம் பிள்ளையாயிருந்தும், இறக்கப்பட்டவன் துன்பத்தை அவர் உணர்ந்து எழுதியது பாராட்டத்தக்கது. மூத்த பிள்ளையை முன்னரே பக்குவப்படுத்தினால் அத்துன்பம் வடுவின்றி நீங்கும் என்பதும் அவர் கருத்தேயாம்.

எனினும் பொறாமையின் வேர் பிள்ளையினிடத்தே உள்ளதா, பெரியோரிடத்தே உள்ளதா என்று ஆராய்தல் வேண்டும். வேதாகமத்தில் ஏசா, யாக்கோபு என்னும் இரட்டையர் பகையை அறியாதார் இலர். அப்பகைக்கு முன்னரே தந்தை ஒரு மகனையும் தாய் மற்றொரு மகனையும் தனித்தனியே விரும்பினர் என்று அந்நூல் கூறுகின்றது. அந்த யாக்கோபே பின்னர்த் தான் தந்தையானபோது யோசேப்புக்கு மட்டும் சிறந்த அங்கியைச் செய்து கொடுத்தான், உடன்பிறந்தார் வெகுண்டனர். தன் இளமையில் நுகர்ந்த கசப்பை அவன் தன் பிள்ளைகட்கும் ஊட்டினான் என்பது எண்ணத்தக்கது. நம் நாட்டுக் கதையாகிய கனிக்கதையையும் நோக்குக. இளையோன் வெகுண்டு பழனிக்குச் சென்றான் என்று சொல்லி மகிழ்கின்றோம். இருவர் இருக்கும் வீட்டில் கனி ஒன்றை இடையில் வைத்து, 'வென்றவனுக்கே' என்று போட்டி வகுத்தவர் யாவர் என்று நாம் கேட்பதில்லை. போட்டியைப் பிள்ளைகள் படைப்பதில்லை. பெரியோர் படைக்கின்றனர், பிள்ளைகள் ஓடுகின்றனர்.

அப்போட்டியை நாம் வீடுகளில் எவ்வெவ்வாறு படைக்கின்றோம் என்பதைச் சிறிது கூறுதல் இன்றியமையாதது. குழந்தை பார்க்க வருவோர் மூத்த பிள்ளையை நோக்கி, 'இனி உன் செல்லமெல்லாம் போயிற்று' என்பர். 'தம்பியை நாங்கள் எடுத்துக்கொண்டு போகட்டுமா?' என்பர். 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம். இவன்தான் பெற்ற பிள்ளை' என்பர். இவையெல்லாம் வேடிக்கையாம்! வேடிக்கை என்பது இரு தரத்தாரும் நகைப்பதற்குரியது. மூன்று வயதுப் பிள்ளைக்கு உண்மைக்கும் பொய்க்கும் இடையே உள்ள வேலி இன்னும் உயரவில்லை. தாய் மருத்துவமனைக்குச் சென்றதையும், சில நாள் கழித்து வேறொரு குழந்தையோடு திரும்பியதையும் அது கண்டிருக்கின்றது. ஒரு குழந்தையை வெளியினின்று கொண்டுவர இயலுமாயின், மற்றொன்றை வெளியே கொடுத்துவிடவும் இயலும் என்று அது எண்ணினால், அதன் தருக்கத்திற் குறையில்லை. தவிட்டு வேடிக்கை அவ்வச்சத்தின்மேல் முத்திரை குத்துகின்றது. இவ்வேடிக்கையை நம் வீடுகளினின்று அறவே ஒழித்தல் வேண்டும் என்பதே நம் துணிபு. இதற்குப் பொருட்செலவில்லை, நா அடக்கம் ஒன்றே போதும்.

இதனினும் நயமாக நுழையும் தீமை ஒன்றுண்டு. 'நீ பெரியவள் அல்லவா' என்னும் மொழியே அது. பெரியவள் என்றால் அழாதே. பெரியவள் என்றால் விட்டுக்கொடு. பெரியவள் என்றால் இரவில் தனியே படு. பெருமை என்று கொடுக்கப்படும் பெயரால் பிள்ளைக்கு வருவன எல்லாம் இழப்புகளே. பெரியவள் என்பதனால் ஓர் உரிமையேனும் கூடுதலாக அதற்குக் கிடைத்ததா என்று நாம் ஆராய்வதில்லை. பதவியை உயர்த்தி ஊதியத்தைக் குறைப்பாரை எவரும் வாழ்த்துவரோ? மூத்த பிள்ளை பெரியதாயிருப்பது தொட்டிலில் உள்ள குழந்தையை நோக்கும்போது மட்டுமே. நம்மை நோக்க அதுவும் குழந்தையே.

இவ்விடத்தில் தடை ஒன்று எழும். 'எம் காலத்தில் ஒரு வீட்டில் எட்டுப் பிள்ளைகள் பிறந்தனர். இத்தகைய ஆராய்ச்சி ஏதும் நடக்கவில்லை. எல்லோரும் நன்றாகவே வளர்ந்தனர்' என்று முதியோர் கூறுவர். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று, அதில் உண்மை உண்டு. அவ்வெட்டுப் பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் பாட்டி இருந்தார், அத்தை இருந்தார், சித்தி, பெரியம்மா, ஒன்றுவிட்ட உடன்பிறந்தார் எனப் பலரும் இருந்தனர். தாயின் மடி போயிற்றென்றால் ஏறுதற்கு நான்கு மடிகள் காத்திருந்தன. இன்றோ தமிழ்நாட்டுக் குடும்பம் மிகச் சுருங்கியது. 2019–21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இம்மாநிலத்தில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 1.8 ஆகும். 'நாமிருவர் நமக்கிருவர்' என்று சுவர்களில் எழுதிய காலம் போய், அவ்விருவர்க்கும் கீழே இறங்கிவிட்டோம். நகரத்து அடுக்ககம் ஒன்றில் தாய், தந்தை, பிள்ளை என மூவர் இருந்த இடத்தில் நான்காமவர் வரும்போது, மூத்த பிள்ளைக்கு மாற்று மடி இல்லை. இடைநிற்கும் மூன்றாம் உடன்பிறப்பும் இல்லை; இருவரும் ஒருவரையொருவர் நேருக்கு நேரே நோக்கி நிற்கின்றனர். எனவே பழைய வீட்டிற் பொருந்திய கவலையின்மை புதிய வீட்டிற் பொருந்தாது.

அன்றியும், எல்லோரும் நன்றாகவே வளர்ந்தனர் என்பது முழுக் கணக்காகுமோ? இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்து வாயிலில் நின்ற மூத்த பெண்களை அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். தாய் வயலுக்குச் சென்றாள். தொட்டிலாட்ட ஆள் வேண்டும். ஆகவே பெண்ணின் படிப்பு நின்றது. பழைய வீட்டின் அமைதி பலவிடங்களில் அம்மூத்த பெண்ணின் எழுத்தறிவை விலையாகக் கொடுத்து வாங்கியதாகும். ஆறு முதல் பதினான்கு வயதுவரை கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய பெண்ணைப் பள்ளிக்குள் இருத்துவதற்கு ஒரு கருவி. ஆயினும் சட்டம் வீட்டு வாயிலோடு நின்றுவிடும். மாலையில் அவள் பாடம் படிப்பதா, பால்புட்டி கழுவுவதா என்பதை வீடே தீர்மானிக்கின்றது. தம்பிக்குத் துணைசெய்தல் வேறு. தம்பியின் செவிலியாக்கப்படுதல் வேறு. முன்னது உறவை வளர்க்கும். பின்னது உறவின் பெயரால் உழைப்பைப் பறிக்கும்.

இவ்வேறுபாட்டினை விளக்கும் அழகிய வரலாறு ஒன்று யாத்திராகமத்தில் உண்டு. நைல் ஆற்றங்கரை நாணலிடையே பேழையில் வைக்கப்பட்ட குழந்தையாகிய மோசேக்கு என்ன நேரும் என்று அறிய, அவன் தமக்கை தூரத்தே நின்றாள். அரசன் மகள் பேழையைக் கண்டெடுத்த அளவில், அச்சிறுமி அஞ்சாது சென்று பேசிப் பாலூட்டுதற்குத் தன் தாயையே அழைத்துவந்தாள். அவள் செய்த பணி அவள் அளவிற்கு ஏற்றது. காத்து நிற்றலும், காலத்தில் ஓடி உரைத்தலுமாம். சுமக்கவும் பாலூட்டவும் அவள் ஏவப்படவில்லை. அவை தாய்க்கே உரியனவாயின. அளவிற்கேற்ற பணியில் நம்பிக்கை வைத்தபோது சிறுமி எத்துணைத் திறம் காட்டினாள் என்பதை எண்ணுக. நம் வீடுகளிலும் மூத்த பிள்ளை துணி எடுத்துக் கொடுக்கலாம், குழந்தை விழித்ததைச் சொல்லலாம், கிலுகிலுப்பை ஆட்டலாம், தான் கற்ற பாட்டைப் பாடிக்காட்டலாம். செய்ய விருப்பமில்லை என்று கூறும் உரிமையும் அதற்கு வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையைக் குழந்தையோடு தனியே விட்டுச் செல்லுதல் மட்டும் ஒருபோதும் ஆகாது; அன்பின் மிகுதியாற் செய்யும் அணைப்பும் பச்சிளங் குழவிக்கு ஊறு விளைத்தல் கூடும்.

இனிச் செய்யத்தக்கன சில உரைப்பாம். இங்கிலாந்து தேசத்துக் கேம்பிரிட்ஜ் நகர்ப்புறத்தில் ஜூடி டன், கேரல் கெண்ட்ரிக் என்னும் இரு பெண் அறிஞர்கள் 40 குடும்பங்களை, இரண்டாம் பிள்ளை பிறப்பதற்கு முன்னும் பின்னும் அவ்வவ் வீடுகளிலேயே சென்று கண்டு, 1982-ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டனர். அவர்கள் கண்டவற்றுள் ஒன்று நம் கருத்தைப் பெரிதும் ஈர்க்கின்றது. 'பாப்பா ஏன் அழுகின்றான் என்று நினைக்கிறாய்? பசியாய் இருக்குமோ?' என்றாற்போலப் புதிய குழந்தையை உணர்ச்சியும் விருப்பமும் உள்ள ஓர் ஆளாகக் கொண்டு மூத்த பிள்ளையோடு பேசிய தாய்மார் வீடுகளில், உடன்பிறந்தார் உறவு ஓராண்டிற்கு மேற்பட்ட காலம் கழித்தும் இனியதாயிருந்தது. நோக்குக: விலையுயர்ந்த விளையாட்டுக் கருவியன்று, கண்டிப்பன்று, அறிவுரையுமன்று, ஒரு கேள்வியே வேலை செய்தது. கேட்கப்பட்ட பிள்ளை தொட்டிலுக்கு வெளியே நிற்கும் அயலானாகாமல், தாயோடு சேர்ந்து குழந்தையை ஆராயும் கூட்டாளியாகின்றது. பிறப்பிற்குப் பின் சில பிள்ளைகள் தாமே உண்ணவும் உடுக்கவும் முற்பட்டதையும் அவ்வறிஞர் கண்டனர். ஆதலின் இம்மாற்றம் முழுதும் துன்பமேயன்று. வளர்ச்சியின் வாயிலும் அதனுள் உண்டு.

இரண்டாவது, தந்தையின் கடமை. மகப்பேற்றிற்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் தாய்க்கு ஓய்வளிக்கும் நல்வழக்கமே. ஆயினும் மூத்த பிள்ளையும் உடன் செல்லும்போது, தாயின் மடியோடு தந்தை, பள்ளி, தோழர், தான் படுக்கும் மூலை ஆகிய யாவற்றையும் ஒருசேர இழக்கின்றது. தந்தையோ வாரத்திற்கு ஒரு முறை விருந்தினர்போல் வந்து செல்கின்றார். இவ்விழப்பிற்கு ஈடுசெய்யத் தக்கவர் அவர் ஒருவரே. குழந்தைக்குப் பாலூட்ட அவரால் இயலாது; மூத்த பிள்ளைக்குக் கதை கூற அவரால் இயலும். இரவில் ஒரு கதை, மாலையில் ஒரு நடை, நாள்தோறும் அரைமணி நேரம் அப்பிள்ளைக்கே உரிய பொழுது. இவை அவரிடத்து வேண்டப்படுவன. 1961-ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, உழைக்கும் தாய்க்கு முதலிரு பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்தோடு கூடிய விடுப்பு வகுக்கப்பட்டது. தந்தைக்கு அதில் ஒரு நாளும் வகுக்கப்படவில்லை. நடுவண் அரசின் ஆண் ஊழியர்க்கு 15 நாள் விடுப்பு உண்டு. ஆனால் கடைச் சிப்பந்திக்கும், மீன்பிடிப்பார்க்கும், நாட்கூலியார்க்கும் யாதுளது? குடும்பத்தை நாட்டின் அடிப்படை என்று மேடைகளிற் புகழ்வோர், அவ்வடிப்படை மிகவும் தள்ளாடும் அம்முதற் சில வாரங்களில் தந்தையை வீட்டிலிருக்க விடுதல் அறமன்றோ?

மூன்றாவது, காலத்தைக் கருதல். ஒரு பேற்றிற்குப் பின் அடுத்த கருவுறுதற்கு 24 திங்களேனும் இடைவெளி நன்று என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அது தாய், சேய் இருவர் உடல்நலம் கருதிக் கூறப்பட்டதாயினும், மூத்த பிள்ளை பேச்சும் நடையும் பெற்று ஓரளவு தேறுதற்கும் அவ்விடைவெளி உதவும். அவ்வாறே, தனிப்படுக்கைக்கு மாற்றுதல், பள்ளியிற் சேர்த்தல் முதலிய மாறுதல்களைக் குழந்தை பிறந்த வாரத்திலேயே செய்யாது, முன்னரோ பின்னரோ செய்தல் நன்று. தன் இடம் பறிக்கப்பட்டது தம்பியால் என்று பிள்ளை கணக்கிட நாமே ஏன் இடங்கொடுத்தல் வேண்டும்?

நான்காவது, இக்காலத்திற்கே உரிய எச்சரிக்கை ஒன்று. குழந்தை உறங்குகின்றது, ஓசை கூடாது என்று மூத்த பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்து மூலையில் இருத்தும் வழக்கம் பெருகிவருகின்றது. இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேல் திரை கூடாதென்றும், அதனினும் குறைவது நன்றென்றும் 2019-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. களைத்துப்போன தாயைக் குறைகூற யாம் ஒருப்படோம். ஆனால் மனிதரின் மடி வேண்டி நிற்கும் பிள்ளைக்குக் கண்ணாடித் துண்டொன்றைக் கொடுத்தால், அது அழுகையை நிறுத்துமேயன்றிக் கேள்விக்கு விடையாகாது. அத்தாய்க்கு உதவ வேறொரு பெரியவர் இல்லாமையே அங்குள்ள குறை. அக்குறையை நீக்கும் கடமை சுற்றத்தார்க்கு உண்டு.

சுற்றத்தார் என்னும்போது நம்மையே குறித்தோம். தமிழ்நாட்டுத் தாலாட்டுகளில் மாமன் பெருமைக்கு அளவில்லை. குழந்தைக்கு மாமன் கொண்டுவரும் பொருள்களை அடுக்கி அடுக்கித் தாய் பாடுவாள். அப்பொருள்களெல்லாம் தொட்டிலுக்கே செல்கின்றன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவ மாமன்மாரும், சித்தப்பாமாரும், அத்தைமாரும், சித்திமாரும் இவ்வழக்கத்தைச் சிறிது மாற்றினால் என்ன? தொட்டிலை நோக்கி விரையும் கால்களைச் சற்று நிறுத்தி, முதலில் மூத்த பிள்ளையின் பெயர் சொல்லி அழைப்போம். உன் தம்பியை எனக்குக் காட்டுவாயா என்று அதனைக் கேட்போம். அப்போது அது வழிகாட்டியாய் முன்னே செல்லும். நாம் பின்னே செல்வோம். தொட்டிலில் உள்ள குழந்தைக்கு அவ்வொரு நாழிகைத் தாமதத்தால் யாதொரு குறையும் நேராது. மூத்த பிள்ளைக்கோ அவ்வொரு நாழிகை பெரிதாகும்.

இச்சிறு செய்திக்கு இத்துணை விரிவு எதற்கு எனின், கூறுதும். பெற்றோர் நமக்கு முன்னே செல்வர்; மனைவியும் மக்களும் நம் வாழ்வின் நடுவே வருவர்; தொட்டில் தொடங்கி முதுமைவரை உடன்வருவோர் உடன்பிறந்தாரே. 'தம்பியுடையான் படைக்கஞ்சான்' என்பதும் நம் நாட்டுப் பழமொழி; 'அண்ணன் தம்பிதான் சென்மப் பகையாளி' என்பதும் நம் நாட்டுப் பழமொழி. இரண்டும் வாழ்விற் கண்டறிந்தவையே. பாகப்பிரிவினை வழக்குகளால் நீதிமன்றப் படிகள் தேய்கின்றன. அவ்வழக்குகளெல்லாம் தொட்டிலருகே தொடங்கின என்று கூறுதல் மிகைபடக் கூறலாகும். ஆயினும், தன் பங்கு எப்போதும் பிறனுக்கே சென்றது என்னும் மனக்குறை மூன்று வயதில் முளைத்து முப்பதாண்டு வளருமாயின், வரப்பிற்கும் வாய்க்காலுக்கும் நிகழும் பூசலில் அது பேசாதிருக்குமோ? இருபழமொழிகளுள் எது தன் வீட்டில் மெய்யாதல் வேண்டும் என்பதைப் பெற்றோர் அத்தொட்டிற் காலத்திலேயே பெரும்பான்மையும் தீர்மானிக்கின்றனர்.

ஆதலின் அன்பர்காள்! இனி எவ்வீட்டிலேனும் குழந்தை பிறந்ததெனக் கேட்கும்போது, தாய் நலமா என்று வினவுவோம். சேய் நலமா என்றும் வினவுவோம். மூன்றாவதாக, மூத்தது எப்படி இருக்கின்றது என்னும் ஒரு வினாவையும் மறவாது சேர்ப்போம். அவ்வினாவிற்கு விடை கூற எண்ணும் பெற்றோர், ஒரு முறையேனும் திரும்பிக் கதவோரத்தை நோக்குவர். அந்நோக்கே அப்பிள்ளை வேண்டிய தீர்ப்பாகும்.